மாப்பிள்ளையின் முதல் வான்கோழி வேட்டையும் 325 டாலர் கணக்கும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஆறு மாசம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், ஏதாவது பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நயாகராவைப் பற்றி இதே இடத்தில் மூன்று பேர் பேசிவிட்டார்கள். நான் நாலாவது ஆளாக வர விரும்பவில்லை. உங்களில் யாரும் பேசியிருக்க முடியாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். காட்டு வான்கோழி வேட்டைக்கு முதல் தடவை போகிறவர் என்னென்ன வாங்க வேண்டும், என்னென்ன வாங்கக் கூடாது என்பதுதான் அது.

சிரிக்கிறீர்கள். நான் வேட்டைக்குப் போகவில்லை. வாங்கிய சாமானுக்குக் கணக்கு எழுதியவன் நான். பி.காம். படித்துவிட்டு 34 வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்? ஆனால் அந்தக் கணக்கை எழுதும்போது நான் கற்றுக்கொண்டது சாதாரணமானதில்லை. இன்று நம் நகரில் பாதி வீடுகளில் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. நாளைக்கு உங்கள் பையனோ மாப்பிள்ளையோ போனில் இதே செய்தியைச் சொன்னால், என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

என் மகள் குடும்பம் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் 70 வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். அந்த ஊர்க்காரர், சிறுவயது முதல் வேட்டைக்குப் போகிறவர். பனி பெய்த நாட்களில் மாப்பிள்ளை அவர் வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளிக் கொடுப்பார். அந்தப் பழக்கத்தில் பெரியவர், "வசந்த காலத்தில் என்னோடு வான்கோழி வேட்டைக்கு வாயேன்" என்று கூப்பிட்டார். மாப்பிள்ளை சரி என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கூடை நிறையச் சாமான் போட்டுவிட்டார். கூட்டிப் பார்த்தேன். 1,640 டாலர்! மகள் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையிடம் மாமனார் எப்படிச் சொல்வது? "மாப்பிள்ளை, ஆர்டர் பண்ணுவதற்கு முன்னால் அந்தப் பெரியவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்களேன்" என்று மட்டும் சொன்னேன்.

இங்கே ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும். பறவையைச் சுடுவது பாவமில்லையா, சட்டம் விடுமா? நம் நாட்டில் 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்காவில் ஏற்பாடு வேறு. ஒரு காலத்தில் அங்கேயும் காட்டு வான்கோழி அழிந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. வலை வீசிப் பிடித்து, இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டு, மறுபடி பெருக்கியிருக்கிறார்கள். இன்று அலாஸ்கா தவிர மற்ற 49 மாநிலங்களிலும் இருக்கிறது. 1937-இல் வந்த சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் வரி. அந்தப் பணம் வனவிலங்குகளைக் காப்பதற்குத்தான் போகிறது. வசந்த காலத்தில் பென்சில்வேனியாவில் நெஞ்சில் தாடி தொங்குகிற பறவையை மட்டும்தான் சுடலாம். தாடி என்பது மயிர் மாதிரி நீண்ட இறகுக் கற்றை. பெரும்பாலும் ஆணுக்குத்தான் அது இருக்கும். பாவ புண்ணியம் அவரவர் மனசைப் பொறுத்தது. என் மனைவி கடைசி வரை சம்மதிக்கவில்லை.

பெரியவர் மாப்பிள்ளையின் பட்டியலைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது சாமானைப் பற்றி இல்லை, விசாவைப் பற்றி. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அதனால் முதல் செலவு உரிமம்தான். முதல் தடவை உரிமம் வாங்குகிறவர் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வகுப்பை முடித்து, 21 டாலர் கட்டி உரிமம் வாங்கும் வரை தோட்டா இருக்கிற கடைப் பக்கமே பெரியவர் கூட்டிப்போகவில்லை. நான் வருகையாளர் விசாவில் போனவன். எனக்கு உரிமமும் இல்லை, வேலையும் இல்லை. நான் எதையும் தொடவில்லை.

அடுத்து துப்பாக்கி. பட்டியலில் 600 டாலருக்குப் புது ஷாட்கன் ஒன்று இருந்தது. பெரியவர் அதை அடித்துவிட்டார். முதல் பருவத்துக்குச் சொந்தத் துப்பாக்கி வேண்டாம், சட்டப்படி தரலாமா என்று பார்த்துவிட்டு என்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றார். மாப்பிள்ளை ஒல்லியான ஆள் என்பதால் 12 கேஜ் வேண்டாம், உதை குறைவான 20 கேஜ் போதும் என்றார். வீட்டில் என் பேரனுக்கு நாலு வயசு. துப்பாக்கி ஒரு ராத்திரி கூட எங்கள் வீட்டில் தங்கவில்லை. பெரியவர் வீட்டுப் பூட்டிய அலமாரியில் துப்பாக்கி. வேறொரு பூட்டிய பெட்டியில் தோட்டா. இதை மகள் கேட்டு வாங்கிய நிபந்தனை என்று சொல்லலாம். பெரியவர் கேட்காமலே செய்திருப்பார் என்பது என் எண்ணம்.

ஷாட்கன் தோட்டாவில் ஒரே குண்டு இருக்காது. நிறைய ரவைகள் இருக்கும். சுட்டதும் அவை விரிந்து போகும். வான்கோழியின் தலையையும் கழுத்தையும் குறி வைக்க வேண்டும். தூரம் கூடக் கூட ரவைகள் சிதறி, பறவை சாகாமல் காயத்தோடு ஓடிவிடும். ஆகவே, இந்தத் துப்பாக்கி, இந்தத் தோட்டா, எவ்வளவு தூரத்துக்குத் தாங்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இதற்குத் தேவை பெரிய காகிதமும் ஒரு பேனாவும். 10 அங்குல விட்டத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, 20 கஜம், 30 கஜம், 40 கஜம் என்று தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். வட்டத்துக்குள் 100 ஓட்டையாவது இருக்க வேண்டும் என்பது பெரியவர் வைத்திருக்கும் அளவு.

சுட்ட காகிதங்களை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எண்ணும் வேலை எனக்கு வந்தது. நோட்டு எண்ணிய கை அல்லவா! 20 கஜத்தில் வட்டம் சல்லடையாகக் கிடந்தது. 30 கஜத்தில் 104 ஓட்டை. 40 கஜத்தில் 51. "உன் எல்லை 30 கஜம். அதற்கு மேல் எது வந்து நின்றாலும் சுடாதே" என்று பெரியவர் முடித்துவிட்டார். டங்ஸ்டன் ரவை போட்ட தோட்டா இன்னும் தூரம் போகும். ஈயத்தை விட அடர்த்தி மிக அதிகம். ஆனால் ஒரு தோட்டாவே பத்து டாலருக்கு மேல். முதல் பருவத்துக்கு ஈயம் போதும், தூரத்தைக் காசு கொடுத்து வாங்காதே, பொறுமையாக இரு என்றார்.

இப்போது உடைக்கு வருகிறேன். வான்கோழிக்குக் கண் மிகக் கூர்மை, நிறமும் நன்றாகத் தெரியும். அதனால் தலை முதல் கால் வரை இலைதழை அச்சிட்ட உடை, முகத்துக்கு வலை, கைக்கு உறை. அதோடு, அசையாமல் உட்கார வேண்டும். பட்டியலில் இருந்த 280 டாலர் புது உடைக்குப் பதில், பழைய துணிக் கடையில் 25 டாலருக்குச் சட்டையும் பேன்ட்டும் கிடைத்தன. ஆனால் பெரியவர் அழுத்திச் சொன்னது வேறு. சிவப்பு, வெள்ளை, நீலம், இந்த மூன்று நிறமும் உடம்பில் எங்கேயும் இருக்கக் கூடாது. உள்பனியன், சாக்ஸ் உட்பட. ஏனென்றால் ஆண் வான்கோழியின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். வேறொரு வேட்டைக்காரர் புதருக்குள் அந்த நிறத்தைப் பார்த்தால், பறவை என்று நினைத்துச் சுட்டுவிடலாம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வேட்டைக்காரர் தழை உடையில் ஒளிந்துகொண்டு வான்கோழி மாதிரியே குரல் கொடுக்கிறார். அந்தக் குரலைக் கேட்டுப் பறவையும் வரலாம், இன்னொரு துப்பாக்கியும் வரலாம். நான் வங்கியில் சேர்ந்த புதிதில் மேலாளர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது, கையெழுத்தை ஒப்பிடாமல் செக்கைப் பாஸ் பண்ணாதே என்று. அங்கேயும் அதே விதிதான். முழுப் பறவையையும் அதன் தாடியையும் கண்ணால் பார்க்காமல் விசையில் விரல் வைக்கக் கூடாது. சத்தத்தை நம்பிச் சுடக் கூடாது. ஆனால் அந்த விதியை எதிரே இருப்பவர் மறந்தால் என்ன செய்வது? அதற்காகத்தான் நம் பக்கத்துச் சாமான். நடந்து போகும்போதும், பறவையைச் சுமந்து வரும்போதும் பளிச்சென்ற ஆரஞ்சுத் தொப்பி. உட்கார்ந்த இடத்தில், மரத்தைச் சுற்றி ஓர் ஆரஞ்சுப் பட்டை. முதுகுக்குப் பின்னால், தோளை விட அகலமான மரம். இரண்டுக்கும் சேர்த்து 14 டாலர்தான். மாப்பிள்ளையின் 1,640 டாலர் பட்டியலில் இந்த 14 டாலர் இல்லை!

குரல் கொடுக்கும் கருவிகள் மூன்று வகை. வாய்க்குள் வைத்து ஊதும் சவ்வு ஒன்று. கை இரண்டும் சும்மா இருக்கும், ஆனால் பழக மாசக்கணக்கு ஆகும். தட்டு மாதிரி வட்டமாக இருப்பதைக் குச்சியால் தேய்ப்பது இன்னொன்று. மூன்றாவது பாக்ஸ் கால் எனும் சிறிய மரப்பெட்டி. அதன் மூடியைப் பெட்டி விளிம்பில் லேசாக இழுத்தால் பெட்டைக் கோழியின் குரல் வரும். கற்றுக்கொள்ள எளிது. சாக்கட்டி தேய்த்துக்கொள்ள வேண்டும், நனையவிடக் கூடாது. பட்டியலில் எட்டு கருவிகள் இருந்தன. ஒரு பாக்ஸ் கால் மட்டும் வாங்கினார். மார்ச் மாசம் முழுக்க எங்கள் வீட்டில் சாயங்காலமானால் அந்தச் சத்தம்தான். பேரன் என்னை விட நன்றாக வாசித்தான். பென்சில்வேனியாவில் வசந்தப் பருவத்தில் இப்படிக் குரல் கொடுத்து வரவழைத்துத்தான் சுட வேண்டும். பதுங்கிப் பின்தொடர்ந்து போவது சட்டவிரோதம். நம் ஊரில் முன்பு கூண்டில் ஒரு கௌதாரியை வைத்துக் கூவவிட்டு மற்ற கௌதாரிகளைப் பிடிப்பார்கள். அது ஞாபகம் வந்தது.

பொம்மைப் பறவை பட்டியலில் மூன்று. ஒரே ஒரு பெட்டைப் பொம்மையைப் பெரியவர் இரவல் கொடுத்தார். ஆண் பொம்மை வேண்டாம், அதன் சிவப்புத் தலையைப் பார்த்து யாராவது சுடுவார்கள் என்றார். கொண்டுபோகும்போதும் பைக்குள் முழுக்க மூடித்தான் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக உண்ணி. மே மாசக் காட்டில் துப்பாக்கியை விட அதிகம் பேரைப் படுத்துவது இதுதான். மான் உண்ணி கடித்தால் லைம் என்ற காய்ச்சல் வரலாம். அந்த நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் பென்சில்வேனியாவும் ஒன்று. பெர்மெத்ரின் மருந்தை உடைமேல் அடித்துக் காயவிட்டு அணிய வேண்டும். தோலில் படக் கூடாது. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அக்குள், முட்டிக்குப் பின்பக்கம், தலைமுடி எல்லாம் தடவிப் பார்த்துக் குளிக்க வேண்டும்.

மே மாசத்தில் ஒரு சனிக்கிழமை. சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னால் சுடலாம். பருவத்தின் முதல் பாதியில் நண்பகலோடு நிறுத்திவிட வேண்டும். ஆண் பறவை ராத்திரி மரக்கிளையில் அடைந்திருக்கும், விடியலில் அங்கிருந்தே தொண்டையை உருட்டிக் கத்தும். அதற்கு முன்னால் போய் உட்கார வேண்டும். மூன்றரை மணிக்கே நான் எழுந்து காபி போட்டேன். மாப்பிள்ளை கிளம்பும்போது, வெளியே போகிறவர்களுக்குக் கொடுக்கும் பழக்கத்தில், சலவை செய்த என் கைக்குட்டை ஒன்றை அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

வெள்ளைக் கைக்குட்டை.

காரை நிறுத்திய இடத்தில் டார்ச் வெளிச்சத்தில் பெரியவர் மாப்பிள்ளையை மேலிருந்து கீழ்வரை பார்த்திருக்கிறார். பையில் கைவிட்டு அந்தக் கைக்குட்டையை எடுத்துக் கார் டாஷ்போர்டில் போட்டுவிட்டாராம். ஒன்றும் பேசவில்லையாம்.

ஐந்தரைக்கு மேல் ஒரு பறவை கத்தியது. மாப்பிள்ளை பெட்டியை இழுத்தார். பதில் வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, இறகை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு ஆண் பறவை வந்தது. ஒரு விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. அந்த மரம் 45 கஜம் என்று உட்கார்ந்த உடனே பெரியவர் அளந்து சொல்லியிருந்தார். தாடி தெரிந்தது. பத்து நிமிஷம் அங்கேயே சுற்றியது. நிஜப் பெட்டைக் கோழி ஒன்று வந்து அதை அழைத்துக்கொண்டு போய்விட்டது. மாப்பிள்ளை சுடவில்லை. "51 ஓட்டை ஞாபகம் வந்தது மாமா" என்றார்.

எட்டு மணி வாக்கில் மறுபடி பெட்டியை இழுத்திருக்கிறார். இந்தத் தடவை வந்தது மனிதர். கையில் துப்பாக்கி, குனிந்து குனிந்து, சத்தம் வந்த திசையைப் பார்த்து நேராக வந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் கையை ஆட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. அசையாமல் உட்கார்ந்தபடியே உரத்த குரலில் பேச வேண்டும். வகுப்பில் சொல்லிக் கொடுத்தது அது. பெரியவர் சத்தம் போட்டார். அந்த ஆள் திடுக்கிட்டு நின்று, மரத்தில் இருந்த ஆரஞ்சுப் பட்டையைப் பார்த்து, கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

மாப்பிள்ளை இதைச் சாப்பாட்டு மேஜையில் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. காலை எட்டு மணி, முகத்தில் வலை, வியர்வை. அந்த நிமிஷத்தில் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்திருந்தால்? அதைக் கொடுத்து அனுப்பியவன் நான். என் மகளிடம் இதை நான் சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

இன்னொரு சம்பவமும் உண்டு. இது நேரடியாக உங்களுக்குப் பயன்படும். ஜூன் கடைசியில் ஊருக்குக் கிளம்பும்போது என் கைப்பையின் ஜிப் போய்விட்டது. "இதை எடுத்துட்டுப் போங்க மாமா" என்று மாப்பிள்ளை ஒரு முதுகுப்பை கொடுத்தார். மாத்திரைகளை அடுக்கும்போது பக்கவாட்டுப் பைக்குள் உருளையாக ஏதோ தட்டுப்பட்டது. வேட்டைக்குக் கொண்டுபோன தோட்டா ஒன்று! உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். 'தெரியாமல் வந்துவிட்டது' என்று விமான நிலையத்தில் சொல்லி நிரூபிக்க வேண்டியது நம் பாடு. மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. தோட்டா பெரியவர் பெட்டிக்குப் போனது. நான் ஜிப் போன பையைக் கயிறு கட்டிக்கொண்டு வந்தேன். வேட்டைக்குப் போகும் பை வேட்டைக்கு மட்டும்தான் என்று அன்றைக்கு நோட்டில் எழுதி வைத்தேன்.

இப்போது கணக்கு, டாலரில்:

வேட்டை உரிமம் – 21
ஆரஞ்சுத் தொப்பி, பட்டை – 14
முகவலை, கையுறை – 24
பழைய தழை உடை – 25
பூட்ஸ் – 95
பாக்ஸ் கால் – 28
உண்ணி மருந்து – 16
பழகுவதற்கான தோட்டா – 10
வான்கோழித் தோட்டா – 22
உட்காரும் மெத்தை – 18
தலைவிளக்கு – 20
காதுக் கவசம் – 20
பாதுகாப்புக் கண்ணாடி – 12
மொத்தம் – 325

துப்பாக்கியும் பெட்டைப் பொம்மையும் இரவல். காகிதம் வீட்டில் இருந்தது. பறவை வரவு: இல்லை. ஆள் பத்திரமாகத் திரும்பி வந்தார், அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை நாளைக்கு இப்படி ஒரு ஆசையைச் சொன்னால் பயந்து தடுக்காதீர்கள். 'எவ்வளவு செலவாகும்?' என்றும் முதலில் கேட்காதீர்கள். உரிமம் வாங்கியாச்சா, யாரோடு போகிறாய், ஆரஞ்சுத் தொப்பி இருக்கிறதா, துப்பாக்கி எங்கே பூட்டியிருக்கிறது, உன் எல்லை எத்தனை கஜம், இந்த ஐந்தையும் கேளுங்கள். ஐந்துக்கும் பதில் வந்தால் மற்ற சாமானை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.

மாப்பிள்ளை அடுத்த வசந்தத்திலும் போகப் போகிறார். நான் இங்கிருந்தே காட்டுப் பச்சை நிறத்தில் அரை டஜன் கைக்குட்டை வாங்கி அனுப்பியிருக்கிறேன்.